தறியும் விஞ்ஞானமும் அரசும்

விஞ்ஞானம் இயற்கையின் உண்மைகளை ஆராய்வது. சமுதாயம் மக்கள் கூடி வாழும் வாழ்வு. அரசியல் அவ்வாழ்வை நெறிப்படுத்தும் முறை. இம்மூன்றும் வெவ்வேறென்று நூல்கள் பிரித்துக் காட்டுகின்றன. கல்லூரியிலோ இவற்றிற்குத் தனித்தனிக் கட்டடங்களே உள. ஒரு கட்டடத்தில் பயில்வோர் மற்றொன்றின் படியேறுவது அரிது. சென்ற பருவத்தில் எம் சொற்போர்க் கழகத்தில், ‘விஞ்ஞானம் அரசியலினின்றும் விலகி நிற்றல் வேண்டும்’ என்னும் பொருள்பற்றி வாதம் நிகழ்ந்தது. யாம் அதனை ஒட்டிப் பேசினோம். ஆராய்ச்சிக்கூடம் ஆலயத்தை ஒத்தது. ஆங்கு ஆட்சியாளரின் அரவம் கேட்டலாகாது என்று முழங்கினோம். அவையோர் கைதட்டினர். யாமும் வென்றோமென்றே எண்ணி விடுமுறைக்கு ஊர் சேர்ந்தோம்.

எம் ஊர் சின்ன காஞ்சிபுரம். வரதராசப் பெருமாள் திருக்கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், இருபுறமும் தறியோசை கேட்கும் தெருவொன்றில் எம் இல்லம் உளது. அடுத்த வீட்டில் நாற்பதாண்டுகளாகப் பட்டு நெய்துவரும் பெரியவர் ஒருவர் இருக்கின்றார். யாம் பிறந்தது முதல் எம்மை அறிந்தவர். கிறிஸ்துமஸ் பலகாரம் அவர் வீட்டிற்கும், பொங்கற் கரும்பு எம் வீட்டிற்கும் தவறாமற் சென்றுவரும். அன்று மாலை அவர் எம்மை அழைத்து, “தம்பி, நீ பெரிய படிப்புப் படிக்கிறாய். ஒன்று கேட்கிறேன், சொல். ஜக்கார்டு பெட்டியைக் காலால் மிதித்துத் தூக்கி முழங்கால் போய்விட்டது. அதைத் தூக்குவதற்கு மட்டும் சிறு மோட்டார் ஒன்று பூட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள். பூட்டினால், என் தறி கைத்தறியா, விசைத்தறியா?” என்று வினவினார்.

யாம் வாயடைத்து நின்றோம். மோட்டார் எவ்வாறு இயங்குகிறது என்பது விஞ்ஞானம். முழங்கால் தேய்ந்த முதியவர் எவ்வாறு பிழைப்பது என்பது சமுதாயம். கைத்தறி எது, விசைத்தறி எது என்று வரையறுப்பது அரசியல். ஒரு மனிதரின் ஒரு வினாவில் மூன்றும் பாவும் ஊடையும்போலப் பின்னிக் கிடந்தன. சொற்போர்க் கழகத்தில் யாம் பெற்ற வெற்றி எத்துணைப் பொய்யானது என்பதை அத்தெருத் திண்ணையிலேயே உணர்ந்தோம். அவ்வுணர்ச்சியின் பயனே இக்கட்டுரை.

காஞ்சி தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. பெரும்பாணாற்றுப்படையின் தலைவனாகிய தொண்டைமான் இளந்திரையன் இந்நகரிலிருந்தே ஆண்டான். மணிமேகலை தன் அறநெறியைத் தேர்ந்து தெளிந்ததும் இந்நகரிலேதான். பாம்பின் சட்டையை ஒத்த நுண்ணிய ஆடையைப் பொருநராற்றுப்படை பேசுகின்றது. இவற்றைத் தேர்வுக்காக மனனம் செய்யும் யாம், அத்தகைய ஆடையை நெய்த கைகள் எவ்வாறு உழைத்தன, அவற்றிற்கு என்ன கூலி கிடைத்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நூலிற் கண்ட ஆடையை வியந்தோம். அண்டை வீட்டுத் தறியைப் பார்த்திலோம்.

ஆதலின் முதற்கண் தறியைப் பார்ப்போம். குழித்தறியில் நெசவாளர் குழியிற் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து மிதிகளை மிதிக்கின்றார். காஞ்சிச் சேலையின் தனிச்சிறப்பு கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம். இருபுறக் கரைகளும் வேறு நிறம். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒவ்வோர் ஊடை இழைக்கும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளுமாறு நெய்தல் வேண்டும். இதனை ஒருவரே செய்வது கடினம். பக்கத்தில் ஒருவர் அமர்ந்து ஒரு புறத்து நாடாவைத் தள்ளிக் கொடுப்பது வழக்கம். பூவேலைப்பாடுகளுக்கு, எந்தப் பாவிழை மேலெழவேண்டும், எது கீழ்ப்படவேண்டும் என்று தெரிந்து இழுத்துக் கொடுக்கவும் முற்காலத்தில் மற்றொரு கை வேண்டியிருந்தது.

இம்மற்றொரு கையின் வேலையைப் பொறியொன்று ஏற்றுக்கொண்ட கதை பிரெஞ்சு நாட்டில் தொடங்குகின்றது. லியோன் நகரம் பட்டு நெசவிற் பெயர்பெற்றது. அந்நகரத்தவரான ஜோசப் மரீ ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டையொட்டி ஒரு கருவியை அமைத்தார். துளையிட்ட அட்டைகள் சங்கிலிபோலக் கோக்கப்பட்டுத் தறியின் மேலே சுழலும். துளை உள்ள இடத்து இழை எழும். இல்லாத இடத்து எழாது. அங்ஙனம் ஓவியம் முழுவதும் அட்டையில் எழுதப்பட்டுவிடுகின்றது. பிற்காலத்தில் சார்லஸ் பாபேஜ் தாம் கருதிய கணக்குப் பொறிக்கு இவ்வட்டைகளையே முன்மாதிரியாகக் கொண்டார். இன்று உலகை ஆளும் கணிப்பொறியின் முன்னோருள் ஒன்று பட்டுத்தறி என்பது நம் தெருவினர் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும்.

ஆனால் அக்கதையின் மறுபாதியும் அறியத்தக்கது. லியோன் நெசவாளர் முதலில் இப்பொறியை எதிர்த்தனர். தங்கள் துணைவரின் வேலை போய்விடும் என்று அஞ்சினர். எனினும் பொறி பரவிற்று. 1831-ஆம் ஆண்டு நவம்பரில் அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்தம் கோரிக்கை பொறியை உடைப்பதன்று. நெய்த துணிக்குக் குறைந்த அளவு இவ்வளவேனும் கூலி என ஒரு விகிதம் வேண்டும் என்பதே. நகரத்து அதிகாரியும் அதற்கு இணங்கி ஒரு விகிதத்தை ஏற்படுத்தினார். வணிகருட் பலர் அதனை ஏற்க மறுத்தனர். கலகம் மூண்டது. படை வந்தது. விகிதமும் தள்ளப்பட்டது. பொறியோடு வாழ நெசவாளர் கற்றுக்கொண்டனர். பொறியினால் வரும் ஆதாயத்தில் தமக்கொரு பங்கு கேட்டபோதுதான் துப்பாக்கிகள் விடை கூறின. அட்டையில் துளையிடுவது எவ்வாறு என்பதை ஜக்கார்டு கண்டார். அதனால் விளையும் பொருளை எவ்வாறு பங்கிடுவது என்பதை அவர் கண்டிலர். அஃது அவர் வேலையுமன்று. அவ்வேலை செய்ய வேண்டியவர் செய்யாதொழிந்ததே பிழை.

நம் நாட்டிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியியற் பேராசிரியர் சென்னையில் இருந்தார். அலுமினியப் பாத்திரத் தொழிலையும், குரோமியத்தாற் பதனிடும் தோல் தொழிலையும் இங்குத் தொடங்கி நடத்திக் காட்டியவர் அவரே. இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733-இலேயே கயிற்றை இழுத்தால் தானே ஓடும் நாடாவைக் கண்டுபிடித்திருந்தார். அந்நாடாவை நம் நெசவாளரிடையே பரப்பக் கருதி, சாட்டர்டன் அரசின் சார்பில் சேலத்தில் ஒரு நெசவுச் சாலையை ஏற்படுத்தினார். ஆயினும் ஐரோப்பிய வணிகர், அரசு தொழில் நடத்துவது தம் வாணிகத்திற்கு இடையூறு என்று முறையிட்டனர். 1910-இல் இலண்டனிலிருந்த இந்திய அமைச்சர் மார்லி பிரபு அத்தகைய முயற்சிகளைத் தடுத்து ஆணை விடுத்தார். சேலத்துச் சாலையும் மூடப்பட்டது.

ஈண்டு விஞ்ஞானம் தோற்றதோ? இல்லை. நாடா ஓடத்தான் செய்தது. கடல் கடந்த ஓர் அலுவலகத்தில் எழுதப்பட்ட ஒரு தாள் அதனை நிறுத்திவிட்டது. ‘விஞ்ஞானம் அரசியலினின்றும் விலகி நிற்றல் வேண்டும்’ என்று யாம் முழங்கியபோது இது எமக்குத் தெரிந்திலது. விஞ்ஞானம் விலகி நின்றாலும் அரசியல் அதனை விட்டு விலகுவதில்லை. அங்ஙனமாயின், எத்தகைய அரசியல் அதனை நெருங்க வேண்டும் என்பதன்றோ நாம் ஆராயத்தக்கது?

விடுதலைக்குப் பின் அவ்வாராய்ச்சி நம் நாட்டில் ஓரளவு நிகழ்ந்தது. 1952, 1953-ஆம் ஆண்டுகளில் கைத்தறித் துணி விலைபோகாமல் தேங்கி, நெசவாளர் குடும்பங்கள் வாடின. அப்பொழுது முதலமைச்சராயிருந்த இராசாசி, வேட்டி சேலை நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசை வற்புறுத்தினார். அவரை எதிர்த்து நின்ற அறிஞர் அண்ணா, தம் இயக்கத் தோழரோடு தோளிற் கைத்தறித் துணியைச் சுமந்து 1953-இல் தெருத் தெருவாக விற்றார். அண்ணா காஞ்சியில் 1909-இற் பிறந்தவர். சின்ன காஞ்சிபுரத்தில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று நினைவில்லமாக விளங்குகின்றது. எதிரெதிர்த் துருவங்களாக நின்ற இருவரும் தறியின் முன்னே ஒரே பக்கம் நின்றனர். அதே ஆண்டில் ஆலைத் துணியின்மேற் சிறு தீர்வை விதித்து, அப்பணத்தைக் கதர், கைத்தறி ஆகியவற்றின் வளர்ச்சிக்குச் செலவிடச் சட்டமும் பிறந்தது.

பின்னர் 1985-இல் கைத்தறிக்கெனச் சில துணி வகைகளை ஒதுக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. அதன்கீழ் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. விசைத்தறியாளரும் ஆலையினரும் வழக்குத் தொடுத்தனர். 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனினும் 1996-இல் வகைகள் 11 ஆகக் குறைக்கப்பட்டன. சேலையும் வேட்டியும் அவற்றுள் அடங்கும். சட்டம் இன்றும் உயிரோடிருக்கின்றது. அதன் காவல் எத்துணை வலியது என்பதை எண்களே கூறட்டும். 1987-88-இல் எடுத்த கணக்கில் இந்நாட்டுக் கைத்தறித் தொழிலாளர் 67 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர். 2019-20-இல் எடுத்த நான்காவது கணக்கில் அவர்கள் 35 இலட்சத்தைச் சற்றே கடந்தனர். முப்பதாண்டில் ஏறத்தாழப் பாதி! எஞ்சியோருள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்டிர். சட்டம் தாளில் இருப்பதும் தெருவில் இருப்பதும் வேறு என்பது வெள்ளிடைமலை.

இவ்விடத்தில் நண்பர் சிலர், “ஆகவே பொறியே பகை, பழங்காலக் கைத்தொழிலே புனிதம்” என்று முடிவு கட்டுவர். அம்முடிவை யாம் ஏற்கமாட்டோம். ஏனெனில் அப்பழங்காலத்தின் ஒரு பக்கத்தை எம் தெரு நன்கறியும். கோர்வைக்குத் துணைக்கை வேண்டும் என்றோம். அத்துணைக்கை பல்லாண்டுகள் யாருடையதாக இருந்தது? எட்டு வயதும் பத்து வயதும் உள்ள சிறாருடையது. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகப் பிள்ளைகள் பள்ளியை மறந்து தறியருகே அமர்ந்தனர். 1976-இற் கொத்தடிமை முறையும், 1986-இற் சிறார் உழைப்பிற் பலவும் சட்டத்தால் விலக்கப்பட்ட பின்னரும் இக்கொடுமை உடனே ஒழிந்திலது. 2003-இல் வெளிநாட்டு மனித உரிமை அமைப்பொன்று இந்தியப் பட்டுத் தொழிலிற் பிணைபட்ட சிறார்களைப்பற்றி வெளியிட்ட அறிக்கையிற் காஞ்சிபுரத்தின் பெயரும் இடம்பெற்றது. எம் தெருவிலேயே நடுவயதினர் சிலர், தாம் எழுத்தறியாமல் வளர்ந்ததற்குத் தறியின் இடப்பக்கத்து இருக்கையைச் சுட்டிக் காட்டுகின்றனர். எம் அண்டை வீட்டுப் பெரியவரும் அவருள் ஒருவர். அதனாலன்றோ அவர் தம் ஐயத்தைச் சட்டப் புத்தகத்தைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளாமல் எம்மிடம் கேட்டது!

ஆதலின் கைத்தொழில் என்றமாத்திரத்தே அறம் என்றும், பொறி என்றமாத்திரத்தே மறம் என்றும் கூறுதல் ஒவ்வாது. சிறார் பள்ளிக்குச் சென்றது நாம் அடைந்த பெரும்பேறு. துணைக்கை அருகியதனாற் கோர்வை நெசவும் அருகி வருவது நாம் இழக்கும் பெருஞ்செல்வம். இப்பேற்றையும் அச்செல்வத்தையும் ஒருங்கே காப்பதற்கு ஒரு வழி வேண்டும். அவ்வழியைக் காட்ட வல்லது விஞ்ஞானமே. ஒருவரே அமர்ந்து கோர்வை நெய்யத்தக்க எளிய கருவியொன்று எல்லா வீட்டிலும் இருக்குமாயின், குழந்தையின் கையும் வேண்டா; கலையும் அழியாது.

விஞ்ஞானம் சான்று கூறும் வன்மையும் உடையது. ஜரிகை என்பது பட்டிழையின்மேல் வெள்ளித் தகட்டினைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. இப்பொழுது செம்பும் அதிற் சேர்கின்றது. காஞ்சிபுரத்தில் அரசு நடத்தும் ஜரிகை ஆலையின் சரக்கில் நூற்றுக்கு 40 பங்கு வெள்ளியும் அரைப் பங்கு பொன்னும் உண்டு. இவ்வளவை வெறுங்கண்ணாற் காண இயலாது. எக்ஸ் கதிரை ஜரிகைமேற் பாய்ச்சி, அதனின்றும் வெளிப்படும் கதிர்களைக்கொண்டு எவ்வுலோகம் எத்துணை என்று சில நிமிடங்களில் அளந்து கூறும் கருவி இன்று உண்டு. 1999-இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ்க் காஞ்சிபுரம் பட்டு 2005-06-ஆம் ஆண்டிற் பதிவு பெற்றது. தூய பட்டுக்கு மத்தியப் பட்டு வாரியம் தனி முத்திரையும் வழங்குகின்றது. பெயரைக் காக்கச் சட்டம். பெயருக்கேற்ற பொருளா என்று காணக் கருவி. விஞ்ஞானமும் அரசும் இணைந்து செய்த நற்பணி இஃதென்பதில் ஐயமில்லை.

எனினும் கருவி யாருடைய பக்கத்திலிருந்து பார்க்கின்றது என்பதையும் காண வேண்டும். எம் உறவினர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கூறுவோம். வணிகர் ஒருவர் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொன்னார். உறவினர் பதினைந்து நாள் இருந்து நெய்து கொடுத்தார். சில திங்கள் கழித்து, சோதனையில் ஜரிகை தரம் குறைந்ததாகத் தெரிந்தது என்று கூறி, அவருக்குரிய கூலியிற் பிடித்துக்கொண்டார் அவ்வணிகர். ஜரிகையைக் கொடுத்தவர் யார், நெய்தவர் யார் என்று அக்கருவி சொல்லாது; அஃது உலோகத்தை மட்டுமே அளக்கும். நெய்வதற்கு முன்பே அந்நூற்கண்டைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு நெசவாளருக்கு இருந்திருப்பின், கருவி அவருக்கும் சான்றாகியிருக்கும். விற்பனைக்கடையில் வாங்குவோரைக் காக்க நிற்கும் கருவி, நெசவுத் தெருவின் முனையில் நெய்வோரைக் காக்கவும் நிற்றல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். கருவி ஒன்றே, வைக்கும் இடத்தை முடிவு செய்வது அரசியல்.

நெசவுத் தெருவே விஞ்ஞானக் கூடமாகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. தெலுங்கு நாட்டில் போச்சம்பள்ளிச் சேலை நெய்வோர், சாயமிடுமுன் இழையை முளைகளில் மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். ஆசு என்பது அவ்வேலையின் பெயர். ஒரு சேலைக்குப் பல்லாயிரம் முறை கையை அசைக்க வேண்டியிருத்தலின், அதனைச் செய்யும் பெண்டிருக்குத் தோள் வலியும் முதுகு வலியும் நீங்கா. தம் அன்னையார் இவ்வாறு துன்புறுவதைக் கண்டு பொறாத சிந்தகிந்தி மல்லேசம் என்பவர், ஆறாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தியவர், பல்லாண்டு முயன்று 1999-இல் ஆசுப் பொறியைச் செய்து முடித்தார். பல மணி நேர வேலை ஒன்றரை மணிக்குள் அடங்கிற்று. 2017-இல் நம் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. அவர் பொறி சேலையின் அழகைக் கெடுக்கவில்லை. நெய்பவர் வேலையைப் பறிக்கவுமில்லை. வலியை மட்டும் எடுத்துவிட்டது. காரணம் யாது? அவர் ஆராய்ச்சிக்கு விடுத்த வினா அன்னையின் தோளினின்றும் பிறந்தது. வினா எங்கிருந்து பிறக்கின்றதோ அவ்விடத்திற்கே விடையும் பயன்படும். சந்தையிலிருந்து பிறக்கும் வினா ‘குறைந்த கூலியில் நிறைந்த துணி எவ்வாறு?’ என்று கேட்கும். தறியிலிருந்து பிறக்கும் வினா ‘இதே துணியைக் குறைந்த நோவில் எவ்வாறு?’ என்று கேட்கும். இரண்டிற்கும் விடை கூறும் ஆற்றல் விஞ்ஞானத்திற்கு உண்டு. எதனை அதனிடம் கேட்பது என்பதே சமுதாயத்தின் பொறுப்பு.

இனிப் பெரியவரின் வினாவிற்கு வருவோம். யாம் விடுமுறையில் அச்சட்டத்தைத் தேடிப் படித்தோம். 1985-ஆம் ஆண்டுச் சட்டம், விசைத்தறியல்லாத எத்தறியும் கைத்தறியே என்று கூறுகின்றது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் கூறும் விசையால் இயக்கப்படும் தறியே விசைத்தறி என்கின்றது. நாடாவை எறிவதும், பலகையை அடிப்பதும் கையாலே நிகழ, ஜக்கார்டு பெட்டியை மட்டும் மின்விசை தூக்குமாயின், தறி இயங்குவது கையாலா, விசையாலா? நடைமுறையில் அரசே இதற்கு விடை தந்துள்ளது. கைத்தறியாளருக்குக் கருவி வழங்கும் திட்டத்தில், செலவிற் பெரும்பங்கைத் தான் ஏற்று, மின்விசையால் தூக்கும் ஜக்கார்டு பெட்டிகளையும் மத்திய அரசு கொடுத்து வந்திருக்கின்றது. எனவே, “பூட்டிக்கொள்ளுங்கள், ஐயா, தங்கள் தறி கைத்தறியே” என்று யாம் அவரிடம் கூறினோம்.

அவர் மகிழ்ந்தார், ஆனால் உடனே மற்றொன்று கேட்டார்: “இன்று பெட்டிக்கு மோட்டார். நாளை நாடாவுக்கும் மோட்டார் என்பார்கள். அப்பொழுதும் இதைக் கைத்தறி என்பார்களா?” இவ்வினா முன்னதினும் ஆழமானது. 2013-ஆம் ஆண்டையொட்டி, நெசவில் ஒரு செயலேனும் கையால் நிகழ்ந்தாற் போதும், அதனைக் கைத்தறியென்றே கொள்ளலாம் என வரையறையைத் தளர்த்தும் யோசனை ஒன்று தில்லியில் எழுந்தது. நெசவாளர் பலரும் அவர்க்கு உறுதுணையானோரும் எதிர்த்தனர், வரையறை மாறவில்லை. அவர் அச்சத்திற்குக் காரணம் உண்டு. கைத்தறி என்னும் பெயர் தளருமாயின், பெருமுதலாளியின் நூறு பொறிகளும் அப்பெயர்க் குடையின்கீழ் நுழைந்துவிடும். பின்னர்ப் பெரியவரின் ஒரு தறிக்கு அக்குடையில் இடமிராது. பெயர் இறுகுமாயினோ, முழங்கால் தேய்ந்தவருக்கு ஒரு சிறு மோட்டாரும் மறுக்கப்படும். இவ்விரண்டுக்கும் இடையே கோடு எங்கே?

எம் கருத்தைப் பணிவுடன் கூறுகின்றோம். வலியைப் போக்கும் பொறி நெசவாளரின் கையில் இருந்து, அவர் விருப்பால் இயங்கி, அவர் கைத்திறனுக்கு இடம்விட்டு நிற்குமாயின், அஃது எத்துணை நுட்பமானதாயினும் தறிக்கு நட்பே. கைத்திறனையே வேண்டாதாக்கிப் பழைய பெயரை மட்டும் சூடிக்கொள்ளுமாயின், அஃது எத்துணை எளியதாயினும் ஏமாற்றே. இக்கோட்டைப் பொறியியலார் மட்டும் வரைதல் இயலாது. அவர்க்குப் பொறி தெரியும், தெரு தெரியாது. சட்டவறிஞர் மட்டும் வரைதலும் இயலாது. அவர்க்குச் சொல் தெரியும், தறி தெரியாது. நெசவாளர் மட்டும் வரைதலும் அரிது. நாளைய பொறி எத்தகையது என்பதை அவர் கேட்டறிதல் வேண்டும். மூவரும் ஒரே திண்ணையில் அமர்தல் வேண்டும். 1952-இல் ஏற்படுத்தப்பட்ட அகில இந்தியக் கைத்தறி வாரியம் அத்தகைய திண்ணையாக ஒருவாறு இருந்தது. குறைகள் பல இருந்திருக்கலாம். 2020-இல் அதுவும் கலைக்கப்பட்டது. கலைத்ததன் இடத்தில் நெசவாளர் குரல் ஒலிக்க வேறொரு திண்ணை வேண்டும் என்று கேட்பது எக்கட்சியையும் சார்ந்த பேச்சன்று. நியாயத்தைச் சார்ந்த பேச்சு.

‘காலவெள்ளத்தைச் சட்டம் தடுக்குமோ?’ என்பார் உளர். வெள்ளத்தைத் தடுத்தல் அரிதுதான். ஆனால் ஏரியும் மதகும் கட்டி நாட்டை வளம்படுத்தியவர் நம் முன்னோர். தொண்டை நாடு ஏரிகளின் நாடு என்பதை அறிவோம். நீர் தன் இயல்பில் பள்ளத்தை நாடும். அதனை மேட்டு வயலுக்கும் பங்கிடுவது மதகின் வேலை. விஞ்ஞானம் வெள்ளமாயின், சமுதாயம் வயலாயின், அரசியல் மதகாதல் வேண்டும். மதகைத் திறப்பவர் யார், யாருடைய வயலுக்கு முதலில் என்பதே என்றுமுள்ள வழக்கு.

அன்பார்ந்த மாணவ நண்பர்களே! இக்கல்லூரியில் நம்முட் பௌதிகம் பயில்வோர் உளர். இரசாயனம் பயில்வோர் உளர். பொருளாதாரம் பயில்வோரும் உளர். ஒரு விடுமுறைக்காகிலும் நெசவுத் தெருவிற்கு வாருங்கள். பௌதிகம் பயில்வோர் மிதிப்பலகையில் முழங்கால் தாங்கும் பளுவை அளந்து பாருங்கள். இரசாயனம் பயில்வோர் சாயக்கழிவு எங்குச் செல்கின்றது என்று காணுங்கள். பொருளாதாரம் பயில்வோர் ஒரு சேலையின் விலையில் நெய்தவர் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். எம்போன்ற தமிழ் மாணவர்க்கும் பணியுண்டு. பாவு, ஊடை, விழுது, கோர்வை, அச்சுப் பிணைத்தல் என்று தறியைச் சுற்றி வழங்கும் சொற்கள் எத்தனையோ! தறி நின்றால் அச்சொற்களும் நின்றுவிடும். அவற்றைத் தொகுத்து எழுதுதல் எம் கடன் என்று யாம் உறுதி பூண்டுள்ளோம். சங்கநூற் சொற்களுக்கு உரை காணும் நாம், அண்டை வீட்டுச் சொற்களை அழிய விடலாமோ?

அடுத்த பருவத்தில் சொற்போர்க் கழகத்தில் அதே பொருள் மீண்டும் வருமாயின், யாம் எதிர்ப்பக்கம் அமர்வோம். கைதட்டல் கிடைக்குமோ கிடைக்காதோ, அறியோம். விடுமுறை முடிந்து யாம் புறப்பட்ட நாளில் பெரியவர் தறியில் மோட்டாரைப் பூட்டிக்கொண்டிருந்தனர். பெட்டி தானே எழுந்ததும் அவர் தம் முழங்காலைத் தடவிப் புன்னகைத்தார். பிறகு நாடாவைக் கையில் எடுத்து எம்மிடம் காட்டி, “இது மட்டும் என் கையிலேயே இருக்கட்டும், தம்பி” என்றார்.